பிரசவத்துக்குப் பின் நாற்பது நாட்கள்: பொறுப்பு யாருக்கு?

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் என்பது ஏறத்தாழ முடிந்துபோன கதை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) நம் மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன என்று சொல்கிறது. 2018-20 காலத்து அரசுக் கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது இந்தியா முழுவதும் சராசரியாக 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் அது 54. இது சாதாரணச் சாதனை அல்ல. கிராம சுகாதார செவிலியர்களும், 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பலன் இது. அதற்காக நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 60.2 சதவீதம்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் 55.1 சதவீதம். நூற்றுக்கு நூறு என்று சொல்லும் அளவுக்குப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆனாலும் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு முதல் மணி நேரத்துத் தாய்ப்பால் கிடைக்கவில்லை. தாய் மருத்துவமனைக்குப் போய்விட்டாள். பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்போ அவளிடம் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய நம் இரு ஊர்களையும் முன்வைத்து, இந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆபத்து எப்போது வருகிறது?

குழந்தை அழுத சத்தம் கேட்டதும் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. இனிப்பு வாங்க ஆள் ஓடுகிறது. அதுவரை கர்ப்பிணியைச் சுற்றியே இருந்த கவனம் முழுவதும் குழந்தையின் மீது திரும்பிவிடுகிறது. ஆனால் பெரும் இரத்தப்போக்கு பிரசவம் முடிந்த சில மணி நேரங்களில்தான் அதிகம் நிகழ்கிறது. கிருமித் தொற்று சில நாட்கள் கழித்துத் தலைகாட்டுகிறது. இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது பிரசவத்துக்குப் பிறகும் நடக்கக்கூடியது. காலில் இரத்தம் உறைந்து மூச்சுத் திணறல் வருவதற்கான வாய்ப்பும் இந்த வாரங்களில் அதிகம்.

குழந்தையின் நிலையும் இதுவே. பிறந்த முதல் மாதத்தில் இறக்கும் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கு முதல் ஏழு நாட்களுக்குள்ளேயே இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகளுக்கு 18.6 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறப்பதாக மேற்சொன்ன ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் 12.7 பேர் முதல் மாதத்திலேயே இறந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கு இழப்பு அந்த ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அதனால்தான் 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், சுகப்பிரசவமானாலும் குறைந்தது 24 மணி நேரம் தாயும் சேயும் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்கிறது. அதற்குப் பிறகு ஆறு வாரங்களுக்குள் குறைந்தது மூன்று முறை அவர்களைப் பரிசோதிக்க வேண்டும்: 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு முறை, 7 முதல் 14 நாட்களுக்குள் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை.

நம் நாட்டுத் திட்டம் இதைவிடவும் தாராளமானது. 2011-ல் தொடங்கப்பட்ட வீட்டுமுறை பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டம், மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆறு முறை வீடு தேடிச் சென்று பார்க்கச் சொல்கிறது. அதே 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை சிகிச்சை, மருந்து, இரத்தம் அனைத்தையும் இலவசமாக்கியது. சுகப்பிரசவத்துக்கு மூன்று நாட்களும் அறுவை சிகிச்சைக்கு ஏழு நாட்களும் உணவும் இலவசம். வீடு திரும்ப வாகனமும் உண்டு. நம் மாநிலத்தில் 102 என்ற எண்ணில் அந்த ஊர்தி வருகிறது.

எனவே ஏட்டில் குறை இல்லை. ஏட்டில் உள்ளது நம் வீட்டு வாசலுக்கு வருகிறதா, வந்தால் நாம் கதவைத் திறக்கிறோமா என்பதுதான் கேள்வி.

நர்ஸம்மா வந்து என்ன செய்கிறார்?

பலரும் நினைப்பதுபோல, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதற்காக அவர் வருவதில்லை. குழந்தையை எடை போடுகிறார். உடல் சூட்டைப் பார்க்கிறார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுகிறார். தொப்புள் கொடி காய்ந்திருக்கிறதா, கண்ணும் தோலும் மஞ்சளாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார். தாய் பால் கொடுக்கும் விதத்தைக் கவனித்து, குழந்தையின் வாய் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று திருத்துகிறார். தாயின் இரத்த அழுத்தம், காய்ச்சல், இரத்தப்போக்கு, தையல், மார்பகம் ஆகியவற்றைப் பார்க்கிறார். பிரசவத்துக்குப் பின் 180 நாட்களுக்கு எடுக்க வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையை எடுக்கிறாரா என்று கேட்கிறார்.

இவை பார்வைக்கு மிக எளிய வேலைகள். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஆனால் "பிள்ளை நல்லா தூங்குது" என்று பாட்டி மகிழ்ந்து சொல்லும் குழந்தை, உண்மையில் பால் குடிக்கச் சக்தியில்லாமல் சோர்ந்து கிடக்கிறதா என்பதைப் பயிற்சி பெற்ற கண்தான் கண்டுபிடிக்கும்.

எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு முறையும் இப்படித்தான். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கியபோது எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. தாயின் உடல் சூடு ஒரு மருந்தாகிறது. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு செவிலியர் அருகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் இரு ஊர்களின் நிலை

விருதுநகர் மாவட்டம் மத்திய அரசு 2018-ல் அறிவித்த வளர்ச்சியை எதிர்நோக்கும் மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்ற ஒன்று. தமிழ்நாட்டில் இப்பட்டியலில் வந்தவை விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டுமே. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. அதற்கு முன், சிக்கலான நிலை என்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அது சுமார் 75 கிலோமீட்டர். இந்தத் தூரத்தின் பொருள், இரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒரு தாயை வண்டியில் ஏற்றிச் சென்றவர்களுக்குத் தெரியும்.

ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். அருகிலுள்ள சத்திரப்பட்டி வட்டாரம் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. அறுவை அறைகளிலும் பிரசவ அறைகளிலும் காயத்தைத் துடைத்துக் கட்டும் துணி நம் பகுதி விசைத்தறிகளிலிருந்து போகிறது. அந்தத் தறிகளையும், தளவாய்புரம் பகுதியில் நைட்டி தைக்கும் மெஷின்களையும் ஓட்டுபவர்களில் பெண்கள் ஏராளம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு சலுகைச் சட்டத்தில் 2017-ல் செய்யப்பட்ட திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளையும் அச்சட்டத்தில் உண்டு. ஆனால் பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் தறிக்கூடத்துக்கும், பீஸ் கணக்கில் வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவருக்கும் அது எட்டவில்லை. தறி நின்றால் கூலி நிற்கும். அதனால் தையல் ஆறுவதற்குள் வேலையில் உட்காரும் தாய்மார்கள் இருக்கிறார்கள். உலகத்தின் காயத்தைக் கட்டத் துணி நெய்பவரின் காயம் ஆற நாற்பது நாட்கள் கிடைக்கவில்லை என்றால், அது நமக்குப் பெருமையல்ல.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், செண்பகத்தோப்பு போன்ற இடங்களில், பளியர் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதிக்கு 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். பாதையும் வண்டியும் குறைந்த இடத்தில், ஆறு முறை வீடு தேடிப் போவது எளிதல்ல என்பதால்தான் இந்த வேறுபாடு.

இன்னொரு சிக்கல் நம் பழக்கத்தில் இருக்கிறது. பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பத்தைப் பதிவு செய்வது கணவர் ஊரில். ஏழாம் மாதம் அல்லது ஒன்பதாம் மாதம் தாய் வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். பிரசவம் அங்கே. குழந்தை பிறந்து மாதங்கள் கழித்து மீண்டும் கணவர் வீடு. ராஜபாளையத்துச் செவிலியரின் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் செவிலியரின் தெருவில் ஆள் இருப்பார், பதிவேட்டில் பெயர் இருக்காது. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் ஒரு தாய் கணக்கிலிருந்து விழுந்துவிட முடிகிறது.

தனியார் மருத்துவமனையில் பிரசவம் ஆனால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அரசுச் செவிலியருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் தனியாரிடம் நடக்கும் பிரசவங்களில் 63.8 சதவீதம் அறுவை சிகிச்சை, அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம் என்கிறது அதே ஆய்வு. அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்க்குத்தான் வீட்டில் அதிகக் கவனம் தேவை. ஆனால் அவரே வீட்டில் தனித்து விடப்படுகிறார்.

தீர்வு எளிது. கர்ப்பப் பதிவின்போது கொடுக்கப்படும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. தாய் வீட்டுக்கு வந்த வாரமே அந்த எண்ணை அப்பகுதியின் கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். கணவர் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

அரசு மருத்துவமனை என்றால் பயமாக இருக்கிறது என்பவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2018 டிசம்பரில் நம் மாவட்டத்துச் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையை யாரும் மறந்துவிடவில்லை. அதே நிகழ்வின் மறுபாதியையும் நினைவில் வைக்க வேண்டும். 2019 ஜனவரியில் மதுரை அரசு மருத்துவமனையில் அந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டது. பின்னர் நடந்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது. அலட்சியம் ஒரு தாயின் வாழ்வைச் சிதைத்தது. பிறப்பையொட்டிய கவனம் ஒரு சேயைக் காத்தது. அலட்சியத்தைத் தட்டிக் கேட்பதும் நம் கடமை, கவனத்தைப் பயன்படுத்திக்கொள்வதும் நம் கடமை.

மார்க்கம் சொல்வது என்ன?

மருத்துவம் 42 நாட்கள் என்கிறது. நம் வீடுகளில் நாற்பது நாள் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கான நிஃபாஸுக்கு ஹனஃபி மத்ஹபில் அதிகபட்சம் 40 நாட்கள், ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாட்கள். இந்தக் காலத்தில் தொழுகை அவள் மீது கடமையில்லை. விடுபட்ட தொழுகைகளைப் பின்னர் நிறைவேற்ற வேண்டியதும் இல்லை. நோன்பை மட்டும் பின்னர் நோற்றுக்கொள்ளலாம். பாலூட்டும் தாய்க்குத் தன் மீதோ குழந்தை மீதோ அச்சம் இருந்தால் ரமழான் நோன்பைத் தள்ளிவைக்கவும் சலுகை உண்டு. படைத்தவனே தன் கடமையைத் தள்ளுபடி செய்து ஓய்வு தந்திருக்கிறான். அந்தப் பெண்ணை எழுப்பிப் பாத்திரம் தேய்க்க வைக்க நமக்கு ஏது உரிமை?

நிஃபாஸ் என்பது தீட்டு அல்ல. அவளை மூலையில் பாயோடும் தனித் தட்டோடும் ஒதுக்கிவைப்பதற்கு இஸ்லாத்தில் ஆதாரம் கிடையாது. இரத்தப்போக்கு எப்போது நின்றது, எப்போது மீண்டும் வந்தது என்று கவனிக்க வேண்டும் என ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இபாதத்துக்காகச் சொல்லப்பட்ட இந்தக் கவனம் உடல்நலத்துக்கும் உதவும். குறைந்துவந்த இரத்தம் திடீரென்று அதிகமானால் அது மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறி. சட்டம் கேட்பதற்கு முன் மருத்துவமனைக்குப் போங்கள் என்றே நாங்கள் சொல்வோம்.

மர்யம் (அலை) அவர்களின் பிரசவத்தைத் திருக்குர்ஆன் சொல்லும் இடத்தை நினைத்துப் பாருங்கள். வேதனையில் இருந்த அவருக்குக் கவலைப்படாதே என்ற ஆறுதல் சொல்லப்பட்டது. காலடியில் நீரோடையும், தலைக்கு மேல் கனிந்த பேரீச்சையும் தரப்பட்டன. உணவு, தண்ணீர், மன ஆறுதல் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. நம் வீடுகளிலோ பத்தியம் என்ற பெயரில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரையே அளந்து கொடுக்கிறோம்.

செலவு யாருடையது என்பதிலும் மார்க்கம் தெளிவாக இருக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் இரண்டு ஆண்டு பாலூட்டுவதைப் பற்றிப் பேசும்போதே, அந்தத் தாயின் உணவையும் உடையையும் குழந்தையின் தந்தை மீது பொறுப்பாக்குகிறது. குழந்தையின் பெயரால் தாய்க்குத் தொல்லை தரக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. ஆனால் நம் ஊரில் "முதல் பிரசவம் தாய் வீட்டுக் கடமை" என்று ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவமனைப் பில், மருந்து, தொட்டில் சீர், குழந்தைக்கு நகை எல்லாம் பெண்ணைப் பெற்றவர் தலையில். மகள் தாயின் அரவணைப்பில் இருப்பது நல்லதுதான். அதற்காகத் தகப்பனின் கடமை மாமனாருக்கு மாறிவிடாது. கடன் வாங்கிப் பிரசவம் பார்த்த தந்தை, மகளை மறுபடியும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் நாட்கள் போகும். இந்த வழக்கத்தால் பறிபோவது பணம் மட்டுமல்ல என்பதைக் கணவன்மார்கள் உணர வேண்டும்.

வழக்கங்களைச் சலித்துப் பார்ப்போம்

நம் மூத்தவர்களின் எல்லா வழக்கங்களும் தவறு என்று சொல்ல மாட்டோம். தாயைப் படுக்க வைத்து எண்ணெய் தேய்த்து, சூடாகச் சமைத்துக் கொடுத்து, வேலை செய்ய விடாமல் பார்த்துக்கொண்டதெல்லாம் நல்ல வழக்கங்களே. ஆனால் சிலவற்றைக் கைவிட வேண்டும்.

சீம்பாலைப் பீய்ச்சி வெளியே கொட்டுவது, சீனித் தண்ணீரில் சேனை வைப்பது, கழுதைப் பால் புகட்டுவது, வசம்பு உரசிக் கொடுப்பது, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, தொப்புளில் சாம்பலோ பவுடரோ வைப்பது ஆகியவை தொற்றுக்கும் மூச்சுத் திணறலுக்கும் வழி திறக்கும். தொப்புள் கொடியில் எதுவும் வைக்காமல் காயவிடுவதே சரி. குழந்தையை முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம். குறைந்தது 24 மணி நேரம் பொறுக்கலாம்.

தஹ்னீக் பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். மென்மையாக்கிய பேரீச்சையை நபி (ஸல்) அவர்கள் குழந்தைகளின் மேல்வாயில் தடவியது உண்மை. அது விரும்பத்தக்க செயல். ஆனால் தஹ்னீக்குக்காகப் பெரியவர் ஒருவர் வரும்வரை குழந்தையைப் பால் குடிக்க விடாமல் காத்திருப்பது சுன்னத் அல்ல. முதல் மணி நேரம் தாய்ப்பாலுக்கு உரியது. தஹ்னீக் செய்ய விரும்புவோர் மருத்துவரிடம் கேட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுவை படும் அளவுக்குத் தொட்டு வைத்தால் போதும். குறைமாதக் குழந்தை, தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தை என்றால் தள்ளிவையுங்கள். பேரீச்சைக்குப் பதிலாகத் தேன் வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கடும் நோயைக் கொண்டுவரக்கூடும்.

ஏழாம் நாள் அகீகா. அது செவிலியர் வர வேண்டிய நாளும்கூட. வீட்டில் ஐம்பது பேர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொருவரும் குழந்தையை வாங்கி முத்தமிட, தையல் ஆறாத தாய் பட்டுடுத்தி உட்கார்ந்திருக்கிறார். அகீகாவுக்கு விருந்து நிபந்தனையல்ல. இறைச்சியைச் சமைத்து வீடுகளுக்கும் ஏழைகளுக்கும் அனுப்பிவிடலாம். ஏழாம் நாள் முடியாவிட்டால் 14, 21-ஆம் நாட்களில் கொடுக்கலாம் என்று கூறிய அறிஞர்கள் உண்டு. இருமல், சளி உள்ளவர்கள் குழந்தையைத் தொடாமல் துஆச் செய்துவிட்டுப் போவதே நல்லது.

ஓதிப் பார்ப்பதற்கு முன்

பிரசவித்த பெண் காரணமின்றி அழுகிறாள், தூங்குவதில்லை, குழந்தையைத் தொட மறுக்கிறாள் என்றால், தண்ணீர் ஓதி வாங்கவும் தாயத்துக் கட்டவும் எங்களைப் போன்ற ஆலிம்களிடம் அழைத்து வருகிறார்கள். ஜின் என்கிறார்கள், கண்ணேறு என்கிறார்கள். வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது ஈமான் பலவீனம் அல்ல. நன்றி கெட்டத்தனமும் அல்ல. சிகிச்சை உள்ள ஒரு நோய்.

குர்ஆன் ஓதுவதை நாம் தடுக்கவில்லை. துஆவும் செய்கிறோம். ஆனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னாலோ ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. அவரைத் தனியே விடவும் கூடாது. அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416. பேசுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

தாய்க்கு: துணி அடுத்தடுத்து நனையும் இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், தையலில் சீழ், மார்பகத்தில் சிவந்த வலிமிகுந்த கட்டி.

குழந்தைக்கு: பால் குடிக்காமை, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு, உடல் சில்லிட்டுப் போதல் அல்லது காய்ச்சல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குதல், வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், தொப்புளில் சீழ்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். மாமியார் சம்மதம், கணவர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் தரும் அனுமதி என்று எதற்கும் காத்திருக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்னும்போது ஷரீஅத் அனுமதி கேட்டு நிற்கச் சொல்லவில்லை. நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் வாகனமும் இலவசம்.

செவிலியரின் நிலை

பராமரிப்பவரைப் பராமரிக்காத சமுதாயம் நல்ல பராமரிப்பை எதிர்பார்க்க முடியாது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வு எழுதி வந்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டதை நாடு பார்த்தது. வார்டில் ஒரு செவிலியர் எத்தனை தாய்மார்களைப் பார்க்கிறார் என்று கேட்காமல், "நர்ஸ் எரிந்து விழுகிறார்" என்று மட்டும் சொல்வது நியாயமல்ல. பிரசவ அறையில் பெண்களைத் திட்டுவதும் அடிப்பதும் மன்னிக்க முடியாத குற்றம். அதே சமயம், ஆள் பற்றாக்குறையை நிரப்பாமல் அன்பை மட்டும் கேட்பதிலும் பலனில்லை.

நம் சமுதாயத்தில் செவிலியர் படிப்பைத் தாழ்வாகப் பார்க்கும் மனநிலை இன்னும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ருஃபைதா (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களும் அங்கேதான் வைக்கப்பட்டார்கள். எங்கள் பெண்ணுக்குப் பெண் மருத்துவர்தான் வேண்டும், பெண் செவிலியர்தான் வேண்டும் என்று கேட்கும் நாம், நம் மகள்களை அந்தப் படிப்புக்கு அனுப்பத் தயங்குவது முரண்.

ஜமாஅத்துகள் முன் சில கோரிக்கைகள்

நிகாஹ் பதிவுக்கு வரும் மணமகனிடம் மஹரைப் பற்றிப் பேசுவதுபோல், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரப் பொறுப்பைப் பற்றியும் பேசுவோம். மேலே சொன்ன அபாய அறிகுறிகளை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுப்போம்.

தடுப்பூசி நாளுக்கும் தாய்மார்கள் கூட்டத்துக்கும் மதரஸா கூடத்தைச் சுகாதார செவிலியருக்குத் திறந்துவிடுவோம். எல்லாச் சமய மக்களும் அங்கே வரட்டும். ஆறாவது வாரத் தடுப்பூசியும் தாயின் ஆறாவது வாரப் பரிசோதனையும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

பைத்துல்மாலிலிருந்து, தறி நின்றால் அடுப்பு நிற்கும் வீட்டுத் தாய்க்கு நாற்பது நாட்களுக்கு முட்டை, பால், பருப்பு போன்ற உணவுக்கு வழி செய்வோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் உண்டு. அதைப் பெற ஆவணங்கள் இல்லாமல் திணறுபவர்களுக்கு நம் இளைஞர்கள் உதவட்டும்.

இரத்தக் கொடையாளர் பட்டியல் ஒன்று ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இருக்கட்டும். ஏழை மாணவிகளின் செவிலியர் படிப்புக்கு ஜகாத் நிதியில் பங்கு ஒதுக்கப்படட்டும்.

நம் பகுதித் துணை சுகாதார நிலையங்களில் எத்தனை செவிலியர் பணியிடங்கள் காலி என்று நகராட்சி வார்டு உறுப்பினரிடமும் கிராம சபையிலும் கேட்போம். கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது.

குழந்தை பிறந்த வீட்டுக்குப் பால்கோவாவோடு போகும்போது, பிள்ளை யார் ஜாடை என்று கேட்பதற்கு முன்பாகத் தாயைப் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, நர்ஸ் வந்து பார்த்தாங்களா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அந்த வீட்டை விட்டு வெளியே வருவதற்கு முன் செவிலியருக்கு ஒரு போன் போடுங்கள்.

தாய்மார்களுக்கும் அவர்கள் மடியிலுள்ள சிசுக்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் கரங்களுக்கும் வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.